விழாக்கள் பெருகின, கூடிப் பேச இடம் எங்கே?

சென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவர் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்துவரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார். சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. வாடகைக்குக் குடியிருப்பவரும் இதில் தப்புவதில்லை. வீட்டுக்காரர் அதையும் கணக்கில் வைத்துத்தான் வாடகை சொல்கிறார். எஸ்.ஆர். அரங்கநாதனும் அவருடைய நண்பர்களும் 1928இல் சென்னை நூலகச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நூலகச் சட்டம் வேண்டும் என்று இருபது ஆண்டு விடாமல் வாதாடினார்கள். தி.சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. நூலகத்துக்கென்று தனி வரி, அதை நிர்வகிக்க நூலக ஆணைக்குழு என்ற ஏற்பாடு அந்தச் சட்டத்தின் கொடை.

அந்த வரியில் எழுந்த கட்டடங்கள் நகரின் எல்லாப் பக்கங்களிலும் இருக்கின்றன. ஆனால், ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு நாவலைப் பற்றிப் பேச முப்பது பேர் கூடவேண்டும் என்றால் அவர்கள் இடம் தேடி அலைகிறார்கள். புத்தகக் கடையின் மாடி, நண்பர் ஒருவரின் அலுவலகம், யாராவது ஒருவருடைய மொட்டை மாடி, பூங்காவின் சிமெண்ட் பெஞ்சு. வரி கட்டுகிற வாசகருக்கு வரிப்பணத்தில் நடக்கும் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க இடம் உண்டு. படித்ததைப் பேச இடம் இல்லை. சென்னையின் இலக்கிய வாழ்க்கையில் இன்று பெரிய குறை எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சந்தைக்கும் சபைக்கும் உள்ள தூரம்

புத்தகங்களுக்கான பெரிய நிகழ்வுகளில் தமிழ்நாட்டுக்குக் குறையே இல்லை. புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1976இல் உருவானது. அடுத்த ஆண்டே அண்ணா சாலையில் உள்ள மதரசா-இ-ஆஸம் பள்ளியில் முதல் புத்தகக் காட்சியை நடத்தியது. பிறகு காயிதே மில்லத் கல்லூரி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செயின்ட் ஜார்ஜ் பள்ளி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்று இடம் மாறி மாறி வளர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஜனவரியில் நடத்த முடியாமல் போய், 2016 ஜூன் மாத வெயிலில் தீவுத்திடலில் நடந்தபோதும் வாசகர்கள் வந்தார்கள். இப்போது ஏறத்தாழ 900 அரங்குகள். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் புத்தகத் திருவிழா மற்ற ஊர்களுக்கு முன்மாதிரி ஆனது. 2022 முதல் அரசே எல்லா மாவட்டங்களிலும் புத்தகக் காட்சி நடத்துகிறது. நெல்லையில் பொருநை, மதுரையில் வைகை, தஞ்சையில் காவிரி, கோவையில் சிறுவாணி என்று ஆறுகளின் பெயரில் இலக்கியத் திருவிழாக்கள் நடந்தன. சென்னைக்கும் ஒன்று நடந்தது. 2023 முதல் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கான சந்தையைத் திறந்திருக்கிறது.

இவற்றைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. ஓர் அரசு புத்தகத்துக்கு இவ்வளவு செலவழிப்பது பெருமைக்குரியது. ஆனால், புத்தகக் காட்சி எதற்காக ஏற்பட்டதோ அதைத்தான் அதனிடம் எதிர்பார்க்க வேண்டும். அது விற்பனைக்கான இடம். பத்து விழுக்காடு தள்ளுபடியில் வாங்கிய பையோடு வாசகர் வெளியே வருகிறார். மாலையில் மேடைக்கு எதிரே ஆயிரக்கணக்கான நாற்காலிகள் நிறைகின்றன. மேடையில் இருப்பவர் கேட்போரைச் சிரிக்கவைக்கத் தெரிந்த பேச்சாளர். தலைப்பு பெரும்பாலும் வாசிப்பின் அருமை, வாழ்க்கையின் வெற்றி, தமிழின் பெருமை. ஒரு குறிப்பிட்ட நாவலின் மூன்றாவது அத்தியாயத்தைப் பற்றி அங்கே பேச முடியாது. பேசினால் கூட்டம் கலைந்துவிடும். அதில் தவறும் இல்லை. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் பாடம் சொல்ல முடியாதல்லவா?

படிப்பது தனி ஆள் செய்கிற காரியம். ஆனால், படித்தது பழுப்பதற்கு இன்னொருவர் வேண்டும். தனக்குப் பிடித்த பாத்திரத்தை எதிரே இருப்பவர் வெறுக்கிறார் என்று தெரியும்போதுதான் ஒரு வாசகர் தன் வாசிப்பைத் திரும்பிப் பார்க்கிறார். ‘ஏன் பிடித்தது’ என்ற கேள்விக்குப் பதில் தேடும்போது ரசனை உருவாகிறது. இதற்கு ஆயிரம் பேர் தேவையில்லை. இருபது பேர் போதும்; ஆனால் அதே இருபது பேர் அடுத்த மாதமும் வரவேண்டும்.

முற்றத்திலும் கிணற்றடியிலும்

தமிழில் அப்படிப்பட்ட கூட்டங்களுக்கு நல்ல மரபு உண்டு. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி.கே.சி. வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டி கம்பனைப் புலவர்களிடமிருந்து மீட்டு ரசிகர்களிடம் கொடுத்தது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி ‘காகங்கள்’ என்ற பெயரில் நண்பர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். சென்னையில் 1970இல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ எளிமையான ஒரு வேலையை எடுத்துக்கொண்டது: அந்த மாதம் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளைப் படித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் அது நல்ல கதை என்று கூட்டத்தில் சொல்வது. ஆண்டு முடிவில் அவை தொகுப்பாக வரும். மாதம் தவறாமல் பல பத்தாண்டுகள் நடந்த அந்த வேலையால் எத்தனையோ எழுத்தாளர்கள் முதன்முதலாகக் கவனம் பெற்றார்கள்.

கே.கே. நகரில் ஞாநி தன் வீட்டுக் கிணற்றடியில் நடத்திய ‘கேணி’ இன்னொரு வகை. பாஸ்கர் சக்தியும் அவரும் சேர்ந்து நடத்தினார்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்றால் கேணி. மேடை இல்லை, தலைமை இல்லை, பொன்னாடை இல்லை. எழுத்தாளரோ கலைஞரோ வந்து பேசுவார், பிறகு கேள்விகள். நாள் மாறாது என்பதால் அழைப்பிதழுக்குக் காத்திருக்காமல் வந்துவிடுவார்கள். ஞாநி 2018இல் மறைந்தார். கேணியும் இன்று நினைவில் மட்டும் இருக்கிறது.

இந்த மரபின் பலமும் பலவீனமும் ஒன்றே. எல்லாம் ஒரு தனி மனிதரின் வீட்டையும் உடல்நலத்தையும் பொறுமையையும் நம்பி நின்றவை. அவர் வீடு மாறினால், உடம்புக்கு முடியாமல் போனால், வீட்டில் இருப்பவர்கள் சலித்துக்கொண்டால் கூட்டம் நின்றுவிடும். அவர் போன பிறகு அந்த இடத்தைத் தொடர யாரும் இல்லை.

புத்தகக் கடைகள் இந்தச் சுமையைக் கொஞ்சம் ஏற்றிருக்கின்றன. கே.கே. நகரில் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூரில் பனுவல் போன்ற கடைகள் தங்கள் இடத்தைக் கூட்டங்களுக்குத் திறந்துவிட்டன. ஆனால், சென்னையில் கடை வாடகை ஏறுகிற வேகத்தில் தமிழ்ப் புத்தக விற்பனை ஏறுவதில்லை. விற்பனைக்குப் பயன்பட வேண்டிய சதுர அடியில் நாற்காலி போடும் கடைக்காரர் தன் சொந்தக் காசில் நகரத்துக்குத் தொண்டு செய்கிறார். அதை எவ்வளவு நாளைக்கு அவரிடம் எதிர்பார்ப்பது?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நான் இதுவரை சொன்ன சென்னை இடங்கள் எல்லாம் நகரின் மையத்திலும் தெற்கிலும் இருப்பவை. வியாசர்பாடிக்காரரும் தண்டையார்பேட்டைக்காரரும் இரண்டு பேருந்து மாறி வந்து, இரவு ஒன்பதரைக்குத் திரும்ப வேண்டும். பெண்களுக்கு அது இன்னும் கடினம். இத்தனைக்கும் வடசென்னை ஒரு காலத்தில் படிப்பகங்களின் பூமி. திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமைக் கட்சியினரும் தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்தார்கள். ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கேட்டு, வாதம் செய்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியும் அந்த வாதத்தில் பங்குகொண்டார். அந்தப் படிப்பகங்களில் பல பிற்காலத்தில் கட்சிக் கொடியும் பெயர்ப் பலகையுமாகச் சுருங்கிவிட்டன. அந்த இடம் அப்படியே காலியாக இருக்கிறது.

பொன்னாடையும் மௌனமும்

கூட்டமே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. அண்ணா சாலை எல்.எல்.ஏ. பில்டிங், அதாவது தேவநேயப் பாவாணர் நூலக அரங்கம், எழும்பூர் இக்சா மையம் போன்ற இடங்களில் சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஒரு நூல் வெளியீட்டு விழா நடந்தபடியே இருக்கிறது. வாடகை, ஒலிபெருக்கி, தேநீர், பேனர் என்று பல ஆயிரம் ரூபாய் செலவு. பெரும்பாலும் எழுத்தாளரே கொடுக்கிறார். இவ்வளவு செலவு செய்தவர் விழா சிறப்பாக அமையவேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆகவே எட்டுப் பேச்சாளர்கள். வரவேற்புரை, தலைமையுரை, வெளியிடுபவர், பெற்றுக்கொள்பவர், வாழ்த்துரை நால்வர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. பேச்சாளர்களில் ஒருவராவது ‘புத்தகம் நேற்று இரவுதான் கைக்குக் கிடைத்தது’ என்று தொடங்குவார். ஏற்புரையின்போது அரங்கக் காவலாளி கடிகாரத்தைக் காட்டுவார். ‘நேரமின்மை காரணமாக’ வாசகர் கேள்விகள் கைவிடப்படும்.

அங்கே வந்திருப்பவர்களில் ஒருவரும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க முடியாது; அன்றுதானே வெளியாகிறது! ஆகவே வெளியீட்டு விழா எவ்வளவு நடந்தாலும் அதனால் புத்தக உரையாடல் வளராது. ஆறு மாதம் கழித்து, படித்தவர்கள் கூடிப் பேசும் கூட்டம்தான் அந்தப் புத்தகத்துக்கு வேண்டியது. அதற்கு யாரும் அரங்கு எடுப்பதில்லை. ஒரு காலத்தில் ஆயிரம் பிரதி அச்சிட்ட தமிழ் இலக்கிய நூல்கள் இன்று ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ முறையில் நூறு, இருநூறு என்று அச்சாகின்றன. படித்தவர்கள் பேசினால்தான் அடுத்தவர் காதுக்குப் போகும். பேச இடமில்லாத நகரத்தில் நல்ல புத்தகம் நூறு பிரதியோடு நின்றுவிடுகிறது.

படித்துவிட்டு வரும் வாசகர்கள் நம்மிடம் இல்லையோ என்று சந்தேகப்படுபவர்கள் கோவையைப் பார்க்கலாம். விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010இல் ஆ. மாதவனுக்கு முதல் விருதை வழங்கியது. ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கும் அந்த விழாவின் உயிர் விருது வழங்கும் மாலையில் இல்லை. எழுத்தாளர்களை வாசகர்கள் கேள்வி கேட்கும் அமர்வுகளில் இருக்கிறது. வேறு வேறு ஊர்களிலிருந்து சொந்தச் செலவில் வந்து, பகல் முழுக்க உட்கார்ந்து, படித்துவிட்டுக் கேட்கிறார்கள். அமைப்பு சரியாக இருந்தால் ஆட்கள் வருவார்கள்.

கரோனா காலத்தில் கூட்டங்கள் ஜூமுக்கு மாறின. டொராண்டோவில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் தேனியில் இருப்பவரும் ஒரே கூட்டத்தில் பேசியது நல்ல விளைவு. ஆனால், பக்கத்துத் தெருவில் இன்னொரு வாசகர் இருக்கிறார் என்பதை ஜூம் நமக்குக் காட்டித்தரவில்லை. பெங்களூரு கப்பன் பூங்காவில் தொடங்கிய மௌன வாசிப்புக் கூடுகை சென்னை உட்பட எத்தனையோ நகரங்களுக்குப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். இளைஞர்கள் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு படிக்கிறார்கள், முடிந்ததும் பேசிக்கொள்கிறார்கள். மழை வந்தால் கலைந்து போகிறார்கள்.

நூலகருக்கு என்ன தயக்கம்?

பொது நூலகத் துறையில் ‘வாசகர் வட்டம்’ என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. கிளை நூலகங்களில் தலைவர், உறுப்பினர்கள் உண்டு. உயிருள்ள வாசகர் வட்டங்களும் இருக்கின்றன; அவை எழுத்தாளர்களை அழைக்கின்றன, மாணவர்களைக் கூட்டுகின்றன, கட்டடத்துக்கு நன்கொடை திரட்டுகின்றன. அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ‘பொன்மாலைப் பொழுது’ எழுத்தாளர்களையும் அறிஞர்களையும் வாசகர்முன் கொண்டுவந்து நிறுத்தியது. ஆனால், சாதாரணக் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் என்பது நூலக வார விழாவுக்கும் நன்கொடைக்கும் மட்டும் நினைவுக்கு வரும் பெயராகவே பெரும்பாலும் இருக்கிறது.

நூலகப் பணியில் இருந்தவன் என்ற முறையில் அதற்கான காரணங்களைச் சொல்ல முடியும். பல கிளைகளில் நூலகர் ஒருவரே எல்லாம். புத்தகம் கொடுப்பவர், வாங்குபவர், பதிவேடு எழுதுபவர், சில இடங்களில் கதவைப் பூட்டுபவரும் அவரே. மாலைக் கூட்டம் என்றால் அவர் வீட்டுக்குப் போவது தாமதமாகும். அதற்கு ஈட்டுவிடுப்போ படியோ கிடையாது. கூட்டத்தில் யாராவது அரசை விமர்சித்துப் பேசி, அது செல்போனில் பதிவாகிச் சுற்றினால் விளக்கம் கேட்டு வரும் கடிதம் நூலகரின் பெயருக்குத்தான் வரும். சாதிச் சங்கக்காரர் கேட்டால் மறுப்பதற்கும், வாசகர்கள் கேட்டால் கொடுப்பதற்கும் தெளிவான விதி கையில் இல்லை. இந்த நிலையில் ‘மேலிடத்து அனுமதி வாங்கி வாருங்கள்’ என்று சொல்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அது சோம்பலால் வருவதல்ல. தனியாக விடப்பட்ட ஊழியரின் தற்காப்பு. இதற்கு மேல், வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் உரிய நேரத்தில் ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைக்கும் பழைய நோயும் இருக்கிறது.

கேரளத்தில் பாதை வேறு. பி.என். பணிக்கர் 1945இல் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலா சங்கம் பின்னர் மாநிலம் முழுக்க விரிந்தது. எழுத்தறிவுப் பணிக்காக 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருதைப் பெற்றது. 1989இல் சட்டம் வந்து நூலகக் கவுன்சில் அமைந்தபோதும், ஊர் நூலகத்தை ஊர்க்காரர்களே உறுப்பினராகி, நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து நடத்தும் முறை நிலைத்தது. அரசு மானியம் தருகிறது. அங்கே வாயனசாலையில், அதாவது ஊர்ப் படிப்பகத்தில், கூட்டம் போடுவதற்கு யாரும் மேலிடத்துக்கு எழுதவேண்டியதில்லை. அந்த முறைக்கும் கட்சிப் பூசல், நிதிப் பற்றாக்குறை என்ற தொல்லைகள் உண்டு. நம் முறையில் நூலகருக்கு நிலையான ஊதியமும் நூல் கொள்முதலில் ஒழுங்கும் உண்டு. அதைக் கைவிட வேண்டியதில்லை. நாம் இழந்தது வாசகரின் உரிமை உணர்வை. அதை மீட்கச் சட்டத் திருத்தம்கூட அவசியமில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

சுற்றறிக்கையில் என்ன இருக்கவேண்டும்?

முதலாவது, சென்னையின் ஒவ்வொரு முழுநேரக் கிளை நூலகமும் மாதத்தில் ஒரு மாலையைப் புத்தக உரையாடலுக்கு ஒதுக்கவேண்டும். நாள் மாறக் கூடாது: முதல் சனி என்றால் என்றும் முதல் சனி. கட்டணம் கூடாது. ஒலிபெருக்கியும் பேனரும் பொன்னாடையும் கூடாது. முப்பது பேருக்கு அவை எதற்கு? பெண்களும் முதியவர்களும் கேட்டால் அதைக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கவேண்டும். வடசென்னையில் தொடங்குவது நியாயம்.

இரண்டாவது, பேசப்படும் நூலை ஒரு மாதத்துக்கு முன்பே அறிவித்து, அதன் ஐந்தாறு பிரதிகளை அந்தக் கிளைக்கு அனுப்பவேண்டும். நூலகங்களுக்கு அரசு வாங்கும் நூல்கள் எத்தனையோ அலமாரியிலேயே இருந்து பழுப்பேறுகின்றன. ‘ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்’ என்பது அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது. அந்த வாசகரை நூலிடம் அழைத்து வருவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

மூன்றாவது, கூட்டத்தின் பொறுப்பு வாசகர் வட்டத்துக்கு. நூலகருக்கு அன்றைய தாமதத்துக்கு ஈடாக விடுப்பு. எந்த நூலைப் பேசுவது என்பதை வட்டம் முடிவு செய்யட்டும். அரசியல் கட்சி, சாதி, மதப் பிரச்சாரக் கூட்டங்களுக்கு இடமில்லை என்று ஒரே வரியில் விதி போதும். நூலில் அரசியல் இருக்கலாம், பேச்சிலும் இருக்கலாம். பேசியவரின் கருத்துக்கு நூலகர் பொறுப்பல்ல என்பதை எழுத்தில் சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் தீரும்.

இது நடக்காத காரியமல்ல. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், படிக்கவும் வேலை செய்யவும் இளைஞர்களுக்கு நல்ல இடம் ஒன்றைக் குறைந்த கட்டணத்தில் கொடுத்தது. போட்டித் தேர்வு எழுதுபவர்களின் தேவையை உணர்ந்து நூலகம் தன்னை மாற்றிக்கொள்ள முடியுமென்றால், நாவல் படிப்பவர்களுக்காகவும் மாதத்தில் இரண்டு மணி நேரம் மாற்றிக்கொள்ள முடியும்.

எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த நூலின் வெளியீட்டு விழாவுக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியை எடுத்து, அந்த நூலின் பிரதிகளை ஐந்து வாசகர் வட்டங்களுக்குக் கொடுங்கள். இரண்டு மாதம் கழித்து அழைப்பார்கள். அங்கே யாரும் உங்களை வாழ்த்தமாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். அதைவிட நல்ல மரியாதை ஓர் எழுத்தாளருக்குக் கிடையாது.

வாசகர்களுக்கும் வேலை இருக்கிறது. சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் உங்கள் வட்டாரக் கிளை நூலகத்துக்குப் போங்கள். உறுப்பினர் அட்டை இல்லையென்றால் எடுங்கள். வாசகர் வட்டம் இருக்கிறதா, தலைவர் யார், கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். உங்களைப் போல் படிக்கிற நாலு பேரின் கையெழுத்தோடு மாதம் ஒரு மாலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அதற்கான வரியை நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள்.

- கட்டுரையாளர், ஓய்வுபெற்ற பொது நூலகர்.